நெஞ்சு வலி என்றவுடனேயே 108-ஐ அழைக்க வேண்டுமா?

காவிரிக்கரை:
நெஞ்சில் லேசான எரிச்சல் என்றாலும் 108-ஐ அழையுங்கள் என்று இங்கே பலரும் எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 2008 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக இயங்கிவரும் இந்த ஆம்புலன்ஸ் சேவையின் வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அஜீரணத்துக்காக ஒரு வண்டி ஊருக்குள் வந்து நிற்கும் நேரத்தில், நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்க நேரிடும். ஐயம் இருந்தால் முதலில் மருத்துவ ஆலோசனைக்கான தொலைபேசி எண்ணான 104-இல் கேட்கலாம். உண்மையிலேயே அவசரமென்றால் தெருமுனை ஆட்டோ விரைவாகக் கொண்டுசேர்த்துவிடும்.

எழிலகம்:
வண்டிகள் அளவானவை என்பது உண்மைதான், ஐயா. ஆனால் அது வாயுவா, மாரடைப்பா என்று நோயாளியே முடிவு செய்துவிட்டு அழைக்க வேண்டும் என்பதல்லவா உங்கள் வாதம்? இ.சி.ஜி. எடுக்காமல் மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றை வீட்டிலிருப்பவர் எப்படிச் சொல்வார்? நம் வீடுகளில் இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்பவருக்கு முதலில் ஓமத் தண்ணீர், பிறகு சோடா, அதன்பின் முதுகு நீவிவிடுதல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். இதயத் தசை அழிவது அந்த நேரத்தில்தான். நீண்டநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல், மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையும் மட்டும் வரக்கூடும்.

காவிரிக்கரை:
வியர்வையோடு, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் காத்திருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அப்போதும் ஆட்டோவே மேல் என்கிறேன். வண்டி வரும் நேரத்தில் நாம் பாதித் தொலைவு போய்விடலாம்.

ஊர்க்குருவி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆட்டோவில் இருவருக்கு நடுவே நெருக்கி உட்காரவைத்துக் கொண்டுவரப்படும் நோயாளிக்கு வழியில் இதயம் நின்றுபோனால், அவரைப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தக்கூட இடமிருக்காது. அதற்கு முன்பே, மாடியிலிருந்து அவரை நடத்தி இறக்கியிருப்பார்கள்; அந்த நடையே இதயத்துக்குக் கூடுதல் சுமை. 108 வண்டியில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் இருப்பார்கள். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பக்கவாதத்தில் இது இன்னும் முக்கியம். வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறியவரை சி.டி. ஸ்கேன் இல்லாத மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றுவதற்குள், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான நான்கரை மணி நேரம் கடந்துவிடுகிறது. அந்த நேரம் அவர் கடைசியாக நலமாக இருந்த கணத்திலிருந்து தொடங்குகிறது. நாம் கவனித்த கணத்திலிருந்து அல்ல.

அதேவேளையில் காவிரிக்கரை அவர்கள் சொல்வதிலும் ஒரு பாதி சரி. முதலில் 108-ஐ அழையுங்கள். நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக உள்ளதா, அருகில் அடையாளமாக என்ன உள்ளது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். வண்டி வர வெகுநேரம் ஆகும் என்று அவர்களே சொன்னால், நெஞ்சு வலி வந்தவரைக் கிடைத்த காரில் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். இதயம் காப்போம் திட்டம் 2023-இல் தொடங்கியதிலிருந்து, மாரடைப்பு என்று ஐயப்பட்டால் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

காவிரிக்கரை:
மாடிப்படியைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் எண்ணிப் பார்த்ததில்லை, அம்மா. நெஞ்சு வலிக்கும் பக்கவாதத்துக்கும் முதல் அழைப்பு 108-க்கே என்பதை ஏற்கிறேன். ஆயினும் இரண்டு நாள் காய்ச்சலுக்கும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கும் அவ்வண்டியைக் கேட்பவர்களை நியாயப்படுத்த முடியாது.

எழிலகம்:
அவர்களை நானும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்களைக் கண்டிக்கும் வேகத்தில், 'தொந்தரவு கொடுக்கிறோமோ' என்று தயங்கும் முதியவரையும் சேர்த்து அச்சுறுத்திவிடுகிறோம். காய்ச்சலுக்கு அழைப்பவரை 104-க்குத் திருப்பிவிட மறுமுனையில் ஆள் இருக்கிறார். அழைக்கவே தயங்கியவருக்கு அப்படி யாரும் இல்லை.