இயல் விருது: நேரில் பார்த்தது, கேட்டது

நூலகப்பூனை:
2016 ஜூன், டொரன்டோ. மயூரநாதனுக்கு இயல் விருது (கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தரும் வாழ்நாள் சாதனை விருது) கொடுத்த விழா. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர், தெரிந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு பையன். அம்மா இழுத்து வந்திருப்பார் போல, போனை விட்டு நிமிரவே இல்லை. மயூரநாதன் பெயரைச் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "அதையெல்லாம் ஆட்களா எழுதுறாங்க?" என்றான். தமிழ்ப் பள்ளிக் கட்டுரைகளை அங்கிருந்துதான் பார்த்து எழுதுவானாம். அப்புறம் கைதட்டினான் பாருங்கள், எல்லோரும் ஓய்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

வடக்குவீதி:
அது 2015க்கான விருது. விழா மறுவருடம் நடக்கும். 2016க்கானது கவிஞர் சுகுமாரனுக்கு. தயவுசெய்து குழப்பாதீர்கள். விக்கிப்பீடியா பெரிய வேலைதான், ஆனால் வாழ்நாள் விருது கதை, கவிதை எழுதுகிறவருக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ.வுக்கு 2010க்கான விருது என்று செய்தி வந்தபோது டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு மளிகைக் கடையில் நின்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் மேசைக்கு அடியிலிருந்து எஸ்.பொ.வின் 'சடங்கு' நாவலின் அட்டை போன பிரதியை எடுத்துக் காட்டினார். இடம்பெயர்ந்தபோது உடுப்போடு வந்த புத்தகமாம். தொட்டுப் பார்க்க விட்டார், கையில் தரவில்லை.

மழைக்காகிதம்:
அப்படியானால் 2005க்கான விருதை அமெரிக்கத் தமிழறிஞர், மொழிபெயர்ப்பாளர் ஜார்ஜ் ஹார்ட்டுக்கும் 2007க்கானதை மொழிபெயர்ப்பாளர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமுக்கும் கொடுத்தது பிழையா? என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. தலித் எழுத்தாளர் பாமா சாதிக் கொடுமையைச் சொல்லும் 'கருக்கு' நாவலை லட்சுமியின் ஆங்கிலத்தில்தான் படித்தாள். நடு இரவில் விடுதியிலிருந்து போன் செய்து, "அப்பா, நம்ம ஊர்லயும் இப்படித்தானா?" என்றாள். முப்பது வருஷம் நான் சொல்லாமல் விட்டதை அன்றைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பாளருக்கு விருது கூடாது என்பவர்கள் என்னிடம் வர வேண்டாம்.

கடைசிவரிசை:
நான் ஒரே ஒரு முறை போனேன், பின்னால் உட்கார்ந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முன்கூட்டியே போங்கள். விருது பெறுபவரின் ஒரு புத்தகத்தையாவது வாசித்துவிட்டுப் போங்கள். கையெழுத்து வாங்கப் பேனா கொண்டுபோங்கள், அவரிடமே கடன் கேட்காதீர்கள். வரிசையில் நின்று உங்கள் கவிதைத் தொகுப்பை அவர் கையில் திணிக்காதீர்கள், பாவம், விமானத்தில் எடைக் கட்டுப்பாடு இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் ஒன்று போதும். குழந்தைகளைக் கூட்டிப் போனால் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள், உரைகள் நீளும்.

வடக்குவீதி:
மழைக்காகிதம், 'கருக்கு' நாவல் இல்லை, தன்வரலாறு.