படுகை, வடிநிலம், தாழி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

காலங்காலமாகப் படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த தாழ்நிலத்தை மண்ணியலார் 'செடிமென்டரி பேசின்' என்கிறார்கள். அதற்கு உங்கள் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் வைத்திருக்கும் 'வண்டல் படுகை'யை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டல் என்றால் நம் ஆட்களுக்கு ஆறு கொண்டுவந்து போட்ட மண். மணற்கல்லாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் இறுகிப்போனதை எவரும் வண்டல் என்று சொல்ல மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'படுகை'யில். ஆற்றுக்கு நீர் சேரும் பரப்புக்கும் அதே சொல், மண்ணியலுக்கும் அதே சொல். காவிரியையே பாருங்கள். ஆற்றுக்கு நீர் வந்து சேரும் பரப்பு குடகில் தொடங்குகிறது. எண்ணெய் தேடுவோர் சொல்லும் காவிரிப் படுகையோ குடகுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. புதுச்சேரியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையோரமாகக் கிடந்து, கடலுக்குள்ளும் இறங்குகிறது. வைகை பாயும் ராமநாதபுரத்தைக் காவிரிப் படுகை என்றால் மாணவன் திகைக்கத்தானே செய்வான்?

நம் தாமிரபரணியில் குழப்பம் வேறு மாதிரி. பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை எல்லாமே 'படுகை'தான். ஆனால் பெரும்பகுதியில் அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறை. சிதைந்த மேல்பாறையிலும் வெடிப்பிலும்தான் தண்ணீர். அதனால்தான் ஒரு தோட்டத்து போர் கிணற்றில் தண்ணீர் பீறிடும், வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டால் புழுதி பறக்கும். படிவெல்லாம் கடலோரத்தில்தான்: பனம்பாறை மணற்கல், அப்புறம் தேரி எனும் செம்மணல் மேடுகளின் மணல். குதிரைமொழித் தேரியில் மழை ஓடையாக ஓடுவதில்லை, விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். கீழே களி மறித்தால் பக்கவாட்டில் நகர்ந்து ஓரத்தில் சுனையாகக் கசியும். திருச்செந்தூர்ப் பக்கம் சாமிக்கே 'அருஞ்சுனை காத்த அய்யனார்' என்றுதானே பெயர்! இந்த இரண்டு நிலத்துக்கும் ஒரே சொல் போட்டால், போர் போடுகிறவர் எதை நம்பி ஆழம் கணக்கிடுவார்?

ஆற்றுக்கு 'வடிநிலம்' போதும். நீர்வளத் துறையில் தாமிரபரணி வடிநிலக் கோட்டம் என்று ஏற்கெனவே புழங்குகிறது. மண்ணியலுக்கு 'படிவுத்தாழி' என்று வைக்கலாம். படிவு சேரச் சேர அடித்தளமும் தாழ்ந்துகொண்டே போவதால்தான் கிலோமீட்டர் கணக்கில் அடுக்குகள் சேர்கின்றன. 'தாழ்' என்ற வேர் அதைச் சொல்லிவிடுகிறது, 'பள்ளம்' சொல்லாது. காவிரிப் படுகைக்குள் வரும் ராமநாதபுரம் போன்ற உட்பிரிவுக்குக் 'கிளைத்தாழி'.

தாழி என்றதும் ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி நினைவுதான் வரும் என்பீர்கள். வரட்டுமே. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையை இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

நிலத்தடி நீரைத் தேக்கிவைத்துத் தரும் அடுக்கான 'அக்விஃபர்' என்பதற்கும் 'நீர்ப்படுகை' வேண்டாம். 'நீர்த்தாங்கி' என்றால் வெடிப்புப் பாறைக்கும் சரி, தேரி மணலுக்கும் சரி, பொருந்தும். தேரிக்கு அடியில் நீரை மறிக்கிற களிக்கு 'நீர்மறி அடுக்கு' என்று யோசித்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாகக் கசியவிடும் அடுக்குக்குத் தனிச்சொல் வேண்டும், அதற்குத்தான் எதுவும் அமையவில்லை. கிணறு வெட்டுகிறவர்களிடம் ஏதாவது சொல் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், அண்ணாச்சி.