மீன் வளர்ப்பில் ‘ஸ்ட்ரெயின்’: ரகமா, கால்வழியா?

மொழிபெயர்ப்பாளர், நாகப்பட்டினம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். குளத்து மீன் வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். மரபியல் வேறுபாடு பற்றிய இயலில் ‘ஸ்ட்ரெயின்’ (ஒரே சிற்றினத்துக்குள் தனி வம்சமாக வரும் மீன்கள்) வராத பத்தியே இல்லை. நைல் திலேப்பியா ஒரு சிற்றினம், கிஃப்ட் அதற்குள் ஒரு ஸ்ட்ரெயின். ரோகு ஒரு சிற்றினம், ஜெயந்தி அதற்குள் ஒரு ஸ்ட்ரெயின்.

பழைய வரைவில் ‘திரிபு’ என்று போட்டிருக்கிறார்கள். அது இயற்பியல் பாடத்தில் தகைவோடு சேர்ந்து வருவது, கம்பியை இழுத்தால் ஏற்படுவது. கொரோனாக் காலத்தில் வைரசுக்கும் அதையே எழுதினார்கள். வாங்கப்போகும் குஞ்சைத் ‘திரிபு’ என்றால் பண்ணைக்காரர் தொடுவாரா? நல்ல சொல் தாருங்கள்.

குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர், கிருஷ்ணகிரி

ரகம் என்றே எழுதுங்கள் அம்மா. நெல்லில் ஆடுதுறை ரகம், கோ ரகம் என்று சொல்லிப் பழகியவர்கள்தான் குளமும் வெட்டுகிறார்கள். என்னிடம் வருபவர்கள் “கிஃப்ட் ரகம் இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேட வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ரகம் அரபியில் ‘ரக்கம்’. எண், குறி என்பது அங்கே பொருள். உருது வழியாகக் கணக்குப் பேரேட்டில் ஏறி, துணிக்கடைக்கும் களத்துமேட்டுக்கும் வந்தது. சரக்கைப் பிரிக்கும் சொல்லே தவிரப் பிறப்பைச் சொல்லும் சொல் அன்று.

தொல்காப்பியர் தம் நூலின் ‘மரபியல்’ என்ற இயலில் ஓரறிவுயிர் தொடங்கி ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கிளை என்றால் மரத்தின் கொப்பு, சுற்றமும் அதுவே. இசையிலும் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின், அதாவது சுரங்களின், உறவைச் சொன்னார்கள். ‘குரல்’ என்ற சுரத்துக்கு ‘இளி’ என்ற சுரம் கிளை. கேள், கேளிர், கேண்மை எல்லாம் இந்த வேரோடு சேர்ந்தவை என்பது என் துணிபு. ஒரே பிறப்பு, பிரிந்த வளர்ச்சி என்ற இரண்டும் ‘கிளை’ என்னும் ஈரெழுத்தில் அடங்குகின்றன. ‘கிளையினம்’ என்று வையுங்கள்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஐயா, ‘இனம்’ ஒட்டினால் எங்கட பக்கம் பெருங்குழப்பம். உங்கள் சிற்றினம் எங்களுக்கு இனம், உங்கள் பேரினம் எங்களுக்குச் சாதி, உங்கள் மரபியல் எங்களுக்குப் பிறப்புரிமையியல். கிளையினம் என்று வாசிக்கிற பிள்ளை அதை உபஇனம் என்றே எடுக்கும். குலம் என்று எழுதலாம்தான். ஆனால் தமிழ்நாட்டு வகுப்பறையில் அந்தச் சொல் வேறொன்றாகக் காதில் விழும். பயிருக்கு இங்கே ‘வர்க்கம்’ என்கிறோம். அதுவும் வடசொல் என்பீர்கள்.

இன்னொன்று. ஊட்டிக்கு 1939 இல் போன ஜெர்மன் சாதாக் கெண்டை இலங்கையிலிருந்து போனதுதான். மீனுக்கு இரு கரையும் ஒன்றாக இருக்கையில், சொல்லையும் இரு கரைக்கும் பொதுவாக வைப்போம்.

மீன் மரபியல் ஆய்வாளர், சென்னை

ஊட்டிக் கெண்டையை அம்மா எடுத்துத் தந்தது நல்லதாயிற்று. 1957 இல் அதே சாதாக் கெண்டையின் பாங்காக் ஸ்ட்ரெயின் இந்தியாவுக்கு வந்தது. இரண்டும் ஒரே சிற்றினம், வந்த வழி வேறு. ஆனால் செதில் கெண்டை, கண்ணாடிக் கெண்டை என்று பார்வையால் பிரிக்கிறோமே, அது வேறு கணக்கு. செதில் அமைப்பை ஆள்பவை முதன்மையாக இரண்டு மரபணுக்கள். செதில் நிறைந்த தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே ஈட்டில் கண்ணாடிக் கெண்டையும் பிறக்கலாம். உடன்பிறந்த மீன்களை இரண்டு ‘ரகம்’ என்று கடைக்காரர் விற்பார், அவை இரண்டு ஸ்ட்ரெயின் ஆகா.

நெல்லை உவமை காட்டுவதில்தான் எனக்குப் பெரிய தடை. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரு ரகத்துப் பயிர்கள் ஏறத்தாழ ஒரே மரபமைப்பு உடையவை. மீனில் அப்படி இல்லை, இருக்கவும் கூடாது. பிலிப்பைன்சில் 1988 இல் கிஃப்ட் பணி தொடங்கியபோது எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் இயற்கை மீன்களையும், இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து வழி வந்த பண்ணை மீன்களையும் சேர்த்தே கலந்தார்கள். ஜெயந்திக்கு 1992 முதல் புவனேசுவரத்தில் கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆற்று ரோகுகளைப் பண்ணை ரோகுவோடு கலந்தார்கள். உள்ளே வேறுபாடு மிஞ்சியதால்தான் தலைமுறைக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. ‘ரகம்’ என்று படிப்பவர் விதைநெல் எடுத்து வைப்பதுபோல நாலு தாய்மீனை வைத்துக்கொண்டு குஞ்சு எடுப்பார். பிறகு நெருங்கிய உறவு மீன்கள் தமக்குள் கூடும் உட்கலப்பால் வளர்ச்சி குன்றும். வம்சத்தைச் சொல்லும் சொல் தேவை. ‘கால்வழி’ பொருந்தும்.

குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர், கிருஷ்ணகிரி

சார், சொல்வது புரிகிறது. கால்வழி என்றால் எங்கள் ஊரில் வாய்க்கால் போகும் வழியா என்பார்கள். தாய்மீனை மாற்றச் சொல்ல வேண்டுமானால் அதைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். அத்தனை எச்சரிக்கையையும் ஒரே சொல்லில் ஏற்ற முடியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

கால் என்றால் காற்று, வாய்க்கால், நாலில் ஒரு கூறு, வழித்தோன்றல் எல்லாமே. இத்தனை பொருளையும் இடம் பார்த்துப் பிரித்தறிந்த மக்கள் மீன் பக்கத்தில் மட்டும் தடுமாற மாட்டார்கள். கிளையை விட்டுக்கொடுக்கிறேன். கால்வழிக்கு என் ஒப்புதல்.

மொழிபெயர்ப்பாளர், நாகப்பட்டினம்

தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘ரகம்’ பக்கமே கூடுதல் பேர். அச்சகம் காத்திருக்கிறது. ஆகவே கையேட்டின் உடலில் ‘ரகம்’, முதல் முறை வரும் இடத்தில் ‘ஒரே கால்வழி மீன்களின் தொகுதி’ என்று விளக்கம். கண்ணாடிக் கெண்டைக்கு ‘தோற்ற வகை’. தாய்மீன்களைப் பற்றித் தனிக் கட்டம் போடுகிறேன், ஆய்வாளர் அதன் வாசகத்தை நாளை இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

மீன் மரபியல் ஆய்வாளர், சென்னை

அனுப்புகிறேன். ‘ரகம்’ குறித்த என் மறுப்பு அப்படியே இருக்கிறது. என் மாணவர்களுக்குக் கால்வழி என்றே நடத்துவேன்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

‘சிற்றினம்’ வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இனம்’ என்று ஒருமுறையாவது போடுங்கோ. கையேடு இங்கேயும் வரும்.