மழலை வகுப்பில் வானிலை: செய்து பார்த்தவர்கள் சொல்வது

எல்கேஜி ஆசிரியை, கடலூர்

கடையில் விற்கிற வானிலை சார்ட்டில் பாதி இடத்தைப் பனிமனிதனும் கம்பளிக் குல்லாவும் அடைத்துக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது தூறல், சாரல், அடைமழை, மப்பு, புழுக்கம், வாடைக்காற்று. எந்த வார்த்தையையும் அது நடக்கிற அன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். புழுக்கம் என்றால் என்ன என்று ஏப்ரலில் கரண்ட் போன நேரத்தில் விளக்கவே வேண்டியதில்லை.

தூறலா மழையா என்று சண்டை வந்தால் சிலேட்டு போதும். வெளியே படுக்கை வாட்டில் நீட்டிப் பத்து எண்ணணும். புள்ளிகளை எண்ண முடிந்தால் தூறல். ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தால் மழை. சாரலுக்குச் சிலேட்டைத் தாழ்வாரத்துக்குள்ளேயே நிமிர்த்திப் பிடிக்கணும்; காற்று வரும் பக்கம் மட்டும் நனையும். பல்பம் கிறுக்கின சிலேட்டு வேண்டாம், புள்ளி தெரியாது.

அறிவியல் ஆசிரியர், கோவில்பட்டி

டீச்சர் சொன்ன சிலேட்டு நல்ல யோசனை. அறிவியலுக்கு வந்தால், பிள்ளை சொல்கிற தப்பான காரணத்தைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சோதிக்கிற மாதிரி அடுத்த வேலையைக் கொடுப்பதுதான் பலன் தருகிறது.

சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர், நாலு ஐஸ் கட்டி. ஐந்து நிமிஷத்தில் வெளியே முத்து முத்தாகத் துளி நிற்கும். "டம்ளர் ஒழுகுது" என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த டம்ளரில் ஐஸ் போட்ட ரோஸ்மில்க் ஊற்றுங்கள். வெளித்துளியை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பு ஒட்டாது. பக்கத்தில் சாதாத் தண்ணீர் டம்ளர் ஒன்றும் இருக்கணும்; அதில் துளி வராது. காற்றில் இருக்கிற நீராவிதான் குளிர்ந்து துளியாகிறது என்பதை அப்புறம் சொன்னால் போதும். ஏசி அறையிலும், எங்கள் பக்கத்து வறண்ட மே மாத மதியத்திலும் இது சொதப்பும். காற்றில் ஈரம் குறைவு. காலையில் செய்யுங்கள்.

பாட்டிலில் மேகம்: அகலவாய்க் கண்ணாடி பாட்டில், இரண்டு விரல் உயரம் சூடான தண்ணீர் (கொதிநீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்), மேலே கவிழ்த்த மூடியில் ஐஸ். பலருக்கு மேகம் வராததற்குக் காரணம், உள்ளே புகை இல்லாததுதான். நீராவி ஒட்டிக்கொள்ள நுண்ணிய தூசி வேண்டும். ஊதுபத்தியை இரண்டு விநாடி உள்ளே காட்டிவிட்டு மூடணும், அதுவும் பெரியவர்தான். பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். "இது வெறும் புகைதானே" என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும். அதற்காகவே பச்சைத்தண்ணீரும் புகையும் மட்டும் உள்ள இரண்டாவது பாட்டில். இரண்டும் எவ்வளவு வெள்ளையாக இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தண்ணீர் மேல் மேகம் மாதிரி ஷேவிங் க்ரீமைப் பரப்பி, அதில் கலர் சொட்டுகிற வித்தை பார்க்க அழகு. ஆனால் மேகம் என்பது ஏதோ பஞ்சுப் பை, நிரம்பினால் ஓட்டையாகும் என்ற எண்ணத்தைத்தான் அது வளர்க்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

மழைமானியில் நடக்கிற தப்புகள்: நேரான பக்கமுள்ள பாட்டிலை எடுங்கள், இடுப்பு வளைந்தது உதவாது. மேல் பகுதியை வெட்டி அதே பாட்டிலில் புனலாகக் கவிழ்க்கணும். வேறு பெரிய புனல் வைத்தால் கணக்கே மாறும். விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நாலு மடங்கு. அடி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 என்று குறியுங்கள். ஸ்கேலை அப்படியே ஒட்டாதீர்கள். பல ஸ்கேல்களில் 0 விளிம்பில் தொடங்காது. மரத்தடியும் கூரை ஓரமும் ஆகாது. தினமும் காலை 8.30க்குப் பாருங்கள், வானிலைத் துறையும் அந்த நேரம்தான். செய்தியில் வரும் 'கனமழை' 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யில் தொடங்குகிறது என்று மூன்றாம் வகுப்பில் சொன்னால், டிவி பார்க்கும்போதே கணக்குப் போடுவார்கள்.

காற்றுத் திசைகாட்டியில் வால் அட்டை தலையைவிட நல்ல பெரிசாக இருக்கணும். இரண்டும் ஒரே அளவானால் சும்மா சுற்றும். அம்பு காட்டுவது காற்று வரும் திசை; போகும் திசை என்றுதான் எல்லாக் குழந்தையும் முதலில் சொல்லும். ஊதிக் காட்டச் சொல்லுங்கள், அம்பு ஊதுகிறவர் முகத்தைப் பார்த்துத் திரும்பும்.

எல்கேஜி ஆசிரியை, கடலூர்

எங்கள் வயசுக்கு மில்லிமீட்டர் வேண்டாம், டீச்சர். பாட்டிலில் 0 கோட்டுக்கு மேலே நிற்கும் தண்ணீர் உயரத்துக்கு நீலக் காகிதப் பட்டையை வெட்டி, தேதி போட்ட சார்ட்டில் வரிசையாக ஒட்டச் சொல்லலாம். மழையில்லாத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடணும். சில பிள்ளைகள் பாவம் பார்த்து அதிலும் ஒரு துண்டு ஒட்டிவிடும்.