தி க்யூர் லைவ் ஆல்பங்கள்: ஷோவா, பாரிஸா? கூடவே பாட்டுக்கு நடுவே அறுபடும் கைதட்டல்

மழைப்பூனை:
இங்கிலாந்து ராக் பேண்ட் தி க்யூரோட ஸ்டுடியோ ஆல்பங்கள் எல்லாம் கேட்டாச்சு. லைவ் ஆல்பங்கள்ல 'ஷோ', 'பாரிஸ்' ரெண்டும் 1993-ல் வெளிவந்தது, ரெண்டும் 'விஷ்' ஆல்பத்துக்கான டூர்ல பதிவானது. ரெண்டுமே வேணுமா? இன்னொரு லைவ் ஆல்பமான 'என்ட்ரீட்'ல எந்தப் பதிப்பு? இன்னொண்ணு, 'ஷோ' சிடியை எம்பி3 ஆக்கினா ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கைதட்டல் 'டக்'னு அறுந்து அடுத்தது வருது. சிடி பிளேயர்ல சரியா ஓடுது.

கீழ்சுருதி:
ரெண்டுக்கும் குணம் வேற. 'ஷோ' 1992 ஜூலையில் மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில் பதிவானது, ஹிட் பாட்டுகள் பக்கம் சாய்வு. 'பாரிஸ்' அதே வருஷம் அக்டோபரில், பாரிஸ் நகரின் ல ஸெனித் அரங்கில். 'தி ஃபிகர்ஹெட்', 'ஒன் ஹண்ட்ரட் இயர்ஸ்', 'அட் நைட்' என்று 1980-82 இருட்டெல்லாம் இதில்தான். 'ப்ளே ஃபார் டுடே'யில் கீபோர்டு மெட்டைக் கூட்டமே பாடும், அதுக்காகவே வாங்கலாம். காத் (goth, இருண்ட மனநிலை ராக்) இசை தேடி வர்றவங்களுக்கு பாரிஸ்தான் முதல்.

'என்ட்ரீட்' 1989 ஜூலை, லண்டன் வெம்ப்ளி அரீனாவில் 'டிஸ்இன்டக்ரேஷன்' ஆல்பப் பாட்டுகளை லைவா வாசிச்ச பதிவு. பழைய பதிப்பில் எட்டே பாட்டு; 'ப்ளெய்ன்சாங்', 'லவ்சாங்', 'லல்லபை', 'தி சேம் டீப் வாட்டர்' நாலும் கிடையாது. 2010 'டிஸ்இன்டக்ரேஷன்' டீலக்ஸின் மூணாவது வட்டு 'என்ட்ரீட் ப்ளஸ்'. 12 பாட்டும் ஆல்பம் வரிசையிலேயே இருக்கு. அதையே எடுங்க.

வட்டுப்புழு:
அறுபடுறது சிடி கோளாறு இல்ல, எம்பி3-யின் பிறவிக்குணம். அது ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் எண் அளவீடு) கொண்ட கட்டங்களாத்தான் வெட்டும். பாட்டின் தொடக்கத்தில் என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) கொஞ்சம் மௌனம் சேர்க்கும். கடைசிக் கட்டம் நிரம்பலைன்னா அதையும் மௌனத்தால் அடைக்கும். தனிப்பாட்டில் தெரியாது, கூட்ட இரைச்சலுக்கு நடுவே பளிச்சுனு தெரியும். லேம் (LAME) என்கிற என்கோடர் எவ்வளவு சேர்த்தோம்னு குறிப்பு எழுதி வைக்கும், ஆனா பிளேயர் அதைப் படிக்கணுமே.

சிடியை ஃப்ளாக்கில் (FLAC, ஒலி எதையும் இழக்காத கோப்பு வகை) ரிப் பண்ணுங்க, அதாவது கணினிக்கு நகலெடுங்க, சாம்பிள் கணக்கு மாறாது. பிளேயரில் கேப்லெஸ் (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத முறை) ஆன், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டை அடுத்ததோட கலக்கிறது) பூஜ்யம். ஒலி அளவைச் சமன் செய்யும் ரீப்ளேகெயினை 'ஆல்பம்' முறையில் வைங்க. 'டிராக்' முறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அளவு வரும், கைதட்டல் நடுவுல சத்தம் குதிக்கும். ஏற்கெனவே ஆக்கின எம்பி3-ஐ ஃப்ளாக்கா மாத்தாதீங்க, மௌனமும் கூடவே வந்துடும்.

ஆறுதந்தி:
'ஷோ'வை ஒதுக்கிடாதீங்க. 'ஃப்ரம் தி எட்ஜ் ஆஃப் தி டீப் கிரீன் சீ' ஸ்டுடியோவை விட இதில்தான் கனம். போர்ல் தாம்ப்சன் கிட்டாருக்கும் போரிஸ் வில்லியம்ஸ் டிரம்ஸுக்கும் கேட்கணும். 1996-ல் அடுத்த ஆல்பம் வரும்போது ரெண்டு பேருமே பேண்டில் இல்லை.