மூன்று வழிகளில் எது சரி? முதியவருடன் அமெரிக்கப் பயணம்: இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது?

கேள்வி

வணக்கம். வரும் ஏப்ரலில், 72 வயதான என் தாயாரையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போக இருக்கிறேன். நேரடி விமானம் இல்லை. இரண்டு இடங்களில் விமானம் மாறியே ஆக வேண்டும். தாயாருக்கு முழங்கால் வலி இருப்பதால் நீண்ட தூரம் நடக்க முடியாது. பெரிய பெட்டிகள் ஐந்து இருக்கும்.

மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் வழியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1 மணி 15 நிமிடமும் சிகாகோவில் 1 மணி 50 நிமிடமும் இடைவெளி. மொத்தப் பயண நேரம் இதில்தான் மிகக் குறைவு. இரண்டாவது வழியில் டோஹாவில் 2 மணி 20 நிமிடமும் டல்லஸில் 3 மணி 30 நிமிடமும் இடைவெளி. மூன்றாவது வழியில் லண்டன் ஹீத்ரோ வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட். இடைவெளி 3 மணி 40 நிமிடம், கட்டணமும் குறைவு.

விமான நிறுவனமே விற்கிற இணைப்பு என்றால் அந்த நேரம் போதும் என்று நம்பலாமா? பெட்டிகள் கடைசி ஊர் வரை தாமாகவே போய்விடுமா? தாயாரை ஓட வைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே என் கவலை.

பதில் 1

வணக்கம். முதல் கேள்விக்கு நேரடியான விடை: நம்ப வேண்டாம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது; அதைவிடக் குறைவான இடைவெளியை முன்பதிவு முறைமை ஒரே டிக்கெட்டில் விற்காது. வியன்னாவில் அது 25 நிமிடம் வரை இறங்கும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் பொதுவாக 45 நிமிடம். முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்து, பயணி வழி தெரிந்தவராகவும் வேகமாக நடப்பவராகவும் இருந்தால் அடுத்த விமானத்தைப் பிடிப்பது சாத்தியம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அது எல்லைக்கோடு மட்டுமே. உங்கள் மூவருக்கும் வசதியாக இருக்குமா என்பதை அது சொல்லாது.

ஆகவே இடைவெளியை ஒரே எண்ணாகப் பார்க்காமல், அடுத்த விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுகின்றன. எனவே ஃப்ராங்க்ஃபர்ட்டின் 75 நிமிடம் உண்மையில் 55 நிமிடம்தான். சக்கர நாற்காலி கேட்டிருப்பவர்களைப் பெரும்பாலும் மற்றப் பயணிகள் இறங்கிய பிறகே இறக்குவார்கள். பெரிய விமானத்தில் அதற்கு 20 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். மீதமுள்ள 35 நிமிடத்துக்குள் மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை, கேட் வரை பயணம், அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கென்றே நடக்கும் கூடுதல் ஆவணச் சோதனை ஆகிய மூன்றும் முடிய வேண்டும். முதல் விமானம் அரை மணி தாமதமானாலே மிஞ்சுவது ஐந்து நிமிடம்தான்.

சிகாகோ இன்னும் கடினம். அமெரிக்காவில் நீங்கள் முதலில் தரையிறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை முடிந்துவிடும். பெட்டியில் ஒட்டிய அட்டையில் கடைசி ஊரின் குறியீடு இருந்தாலும், அங்கே பெட்டிகளை நீங்களே பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே விடை. டப்ளின், அபுதாபி போன்ற சில இடங்களில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையைப் புறப்படும் முன்பே முடித்துவிடும் ஏற்பாடு உண்டு. உங்கள் வழிகள் எதிலும் அது இல்லை.

சிகாகோ ஓஹேரில் சர்வதேச விமானங்கள் பெரும்பாலும் டெர்மினல் 5-க்கு வரும். உள்நாட்டு விமானம் வேறு டெர்மினலில் இருந்தால், பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே ஓடும் ரயிலில் அங்கே போய், மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். குடிவரவு வரிசை ஒருநாள் 20 நிமிடத்தில் நகரும். நான்கு பெரிய விமானங்கள் அடுத்தடுத்து இறங்கிய நாளில் ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். சக்கர நாற்காலி, குழந்தை, ஐந்து பெட்டிகளுடன் 1 மணி 50 நிமிடத்தை நான் ஏற்க மாட்டேன்.

என் அளவுகோலைச் சொல்கிறேன். பெட்டியை எடுக்காமல், டெர்மினல் மாறாமல் பாதுகாப்புச் சோதனை மட்டும் இருக்கும் இடத்தில் இரண்டு மணி நேரம். குடிவரவு, பெட்டி, சுங்கம், மறு சோதனை எல்லாம் இருக்கும் இடத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் இரண்டாவது வழி இரண்டிலும் தேறுகிறது. டோஹாவில் எல்லாம் ஒரே டெர்மினல் கட்டடத்துக்குள்தான். டல்லஸில் பாதுகாப்புச் சோதனையை முடித்துவிட்டால், எல்லா டெர்மினல்களையும் இணைக்கும் ரயில் உள்பக்கமாகவே ஓடுகிறது. அதனால் எந்த டெர்மினலிலிருந்து உள்நாட்டு விமானம் கிளம்பினாலும் இரண்டாவது முறை வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பதில் 2

மேலே சொல்லியிருப்பது அத்தனையும் சரி. என் அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். ஓர் ஐரோப்பிய விமான நிலையத்தில் 50 நிமிட இணைப்பை, ஒரே டிக்கெட்தானே என்ற தைரியத்தில் எடுத்தேன். முதல் விமானம் 25 நிமிடம் மட்டுமே தாமதம். ஆனால் டெர்மினலை ஒட்டி நிற்காமல் தொலைவில் நின்றதால் பேருந்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது, நான் கேட்டை அடைந்தபோது அது மூடியிருந்தது. அன்றைக்கு அந்த ஊருக்கு அதுவே கடைசி விமானம். டிக்கெட் ஒன்று என்பதால் மறுநாள் விமானத்தில் இடமும் தங்கும் அறையும் கொடுத்தார்கள். ஆனால் என் தந்தையின் ரத்த அழுத்த மாத்திரைகள் பெட்டியில் இருந்தன, பெட்டியோ எங்கள் கைக்கு வரவில்லை. அந்த இரவை நான் மறக்கவே இல்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள். தாயாரின் மருந்துகளை, ஒரு வாரத்துக்காவது, மருத்துவரின் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, இடைவெளியை மட்டும் பார்க்காமல், அந்த விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்றும் பாருங்கள். அன்றைக்கே இன்னும் மூன்று விமானங்கள் இருக்கும் வழித்தடத்தில் இரண்டு மணி நேர இடைவெளி போதும். அதே இரண்டு மணி நேரம் கடைசி விமானத்துக்கு முன்னால் வந்தால் எனக்கு உறக்கம் வராது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டிகளை மறுபடி எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. முதல் வழியைக் கைவிட்டுவிட்டேன். ஆனால் லண்டன் வழியில் 3 மணி 40 நிமிடம் இருக்கிறதே, அது ஏன் கூடாது? முதல் டிக்கெட்டில் டெர்மினல் 4-இல் இறங்கி, இரண்டாவது டிக்கெட்டில் டெர்மினல் 5-இல் ஏற வேண்டும் என்று காட்டுகிறது.

பதில் 3

அந்த 3 மணி 40 நிமிடத்தை இணைப்பு நேரம் என்று அழைப்பதே தவறு. இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் லண்டனிலிருந்து பயணத்தைத் தொடங்குபவர். முதல் விமானம் ஏன் தாமதமாயிற்று என்பது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி. நேரத்துக்கு வராவிட்டால், வராத பயணி என்று குறித்துக்கொண்டு, அந்த டிக்கெட்டில் எஞ்சியிருக்கும் பயணங்கள் அனைத்தையும், திரும்பும் பயணம் உட்பட, ரத்து செய்துவிடலாம்.

தனித்தனி டிக்கெட்டுகள் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் பெட்டியை லண்டன் வரைதான் பதிவு செய்யும். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் பிரிட்டன் எல்லையைக் கடந்து உள்ளே போக வேண்டும். உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்து அதற்கு விசாவோ முன் அனுமதியோ தேவைப்படும். அது கையில் இல்லாவிட்டால், புறப்படும் இடத்திலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். பிறகு ஐந்து பெட்டிகளுடன் டெர்மினல் 4-லிருந்து 5-க்கு ரயிலில் போக வேண்டும். நீண்டதூர விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். எனவே உங்களிடம் இருப்பது 2 மணி 40 நிமிடம், அதுவும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்.

தனி டிக்கெட்டில் போவதென்றால் இடையில் ஓர் இரவு தங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அப்படித் தங்கினால் மிச்சமாகும் கட்டணம் அறைக்கே போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: சில தளங்களில் லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று நகரின் பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும், இறங்குவது ஹீத்ரோவாகவும் ஏறுவது காட்விக்காகவும் இருக்கும். வாங்கும் முன் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

டோஹா வழியைத் தேர்ந்தெடுத்தால், மூவரின் பெயரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். சக்கர நாற்காலியைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். அதில் மூன்று வகை உண்டு: படி ஏற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்பவருக்கு ஒன்று; படியும் ஏற முடியாதவருக்கு ஒன்று; இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு ஒன்று. தாயாரின் நிலையைச் சரியாகச் சொன்னால்தான் படிக்கட்டு வைத்து இறக்கும் இடத்தில் தூக்கு வண்டி வரும்.

டிக்கெட் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் பருவம் மாறுகின்றன. ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவதும் அந்த நாள்களில்தான். ஏப்ரல் பயணம் புதிய அட்டவணையில் வருவதால், இன்று 2 மணி 20 நிமிடமாகத் தெரிவது பிப்ரவரியில் 1 மணி 10 நிமிடமாகச் சுருங்கக்கூடும். நேரத்தை மாற்றியது நிறுவனமாக இருந்து, புதிய இடைவெளி உங்களுக்குப் போதாமல் போனால், வேறு விமானத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் கட்டணமின்றிச் செய்து தருவார்கள். மின்னஞ்சலில் வரும் ஒப்புதல் பொத்தானை அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள்.

டல்லஸில் பெட்டிகளை எடுத்ததும், வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய வாசனைத் திரவியம் போன்ற 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவங்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதன் பிறகு பெட்டியை ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் அவற்றைக் குப்பைத் தொட்டியில் போட நேரலாம்.

பெட்டி ஏதேனும் வராமல் போனால், நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்து மூலம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமடைந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

டோஹா வழியையே முன்பதிவு செய்துவிட்டேன். மூவரும் ஒரே எண்ணில் இருக்கிறோம், சக்கர நாற்காலியும் பதிவாகிவிட்டது. திரும்பும்போது டல்லஸில் 1 மணி 35 நிமிடமும் டோஹாவில் 8 மணி 40 நிமிடமும் வருகிறது. முதலாவது குறைவாகவும் இரண்டாவது மிக அதிகமாகவும் தோன்றுகிறதே?

பதில் 1 எழுதியவர் மீண்டும்

திரும்பும் திசையில் கணக்கே வேறு. அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது தனியாகக் குடிவரவுக் கவுண்டர் கிடையாது. பெட்டிகளும் கான்சாஸ் சிட்டியிலேயே கடைசி ஊர் வரை பதிவாகிவிடும். டல்லஸில் உள்பக்க ரயிலில் டெர்மினல் மாறி, கேட்டில் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். 1 மணி 35 நிமிடம் போதுமானது. இருந்தாலும், கான்சாஸ் சிட்டியிலிருந்து அதற்கு முந்தைய விமானத்தில் இடம் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். தவறவிட்டால் பாதிக்கப்படுவது உள்நாட்டுப் பயணம் இல்லை, நாளுக்கு மிகச் சில முறையே பறக்கும் நீண்டதூர விமானம்.

டோஹாவின் 8 மணி 40 நிமிடத்தை நாற்காலியில் உட்கார்ந்தே கழிக்க வைக்காதீர்கள். தாயாரின் முழங்கால் அதைத் தாங்காது. அங்கே கடவுச்சீட்டுச் சோதனையைத் தாண்டாமலேயே தங்கக்கூடிய விடுதி டெர்மினலுக்குள் இருக்கிறது. மணிக்கணக்கில் அறை தருகிறார்களா என்று இப்போதே கேட்டு, இடம் இருந்தால் பதிவு செய்துவிடுங்கள். பெட்டிகள் உங்கள் கைக்கு வராது என்பதால், மூவருக்கும் ஒரு மாற்று உடையைக் கைப்பையில் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

முந்தைய உள்நாட்டு விமானத்தில் மூன்று இடங்கள் இருந்தன, மாற்றிவிட்டேன். இப்போது டல்லஸில் 3 மணி 50 நிமிடம். விடுதிக்கும் எழுதியிருக்கிறேன். அட்டவணை மாறுகிறதா என்று பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பார்த்து வருவேன். மாற்றம் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.