ஆவணக் கோப்புகளின் இணைப்புகளை ஊடாட்ட வரைபடமாக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் ஆவணங்களைப் பராமரித்து வருகிறேன். எந்தப் பக்கம் எதைச் சுட்டுகிறது, எதனாலும் சுட்டப்படாத பக்கங்கள் எவை என்பதைப் புதிய பங்களிப்பாளர்கள் உலாவியிலேயே கண்டறியும்படி ஒரு வரைபடம் அமைக்க விரும்புகிறேன்.

இணைப்புகளைப் பிரித்தெடுக்கும் வேலை முடிந்துவிட்டது. ஒரு பைத்தான் நிரல் ஒவ்வொரு மார்க்டவுன் (எளிய குறிகளுடன் எழுதும் உரை வடிவம்) கோப்பையும் படித்து, சார்புப் பாதைகளை முழுப் பாதைகளாக மாற்றி, '#' குறிக்குப் பின்வரும் பகுதியை நீக்கி, கணுக்களையும் (பக்கங்கள்) விளிம்புகளையும் (அவற்றுக்கிடையிலான இணைப்புகள்) ஜேசன் (JSON) தரவுக் கோப்பாகத் தருகிறது. அதை, உலாவியில் தரவைப் படமாக வரைய உதவும் டி3 (D3.js) நூலகத்தின் விசைசார் அமைப்பில் (கணுக்கள் ஒன்றையொன்று விலக்க, விளிம்புகள் அவற்றை இழுத்து இடம் அமைக்கும் முறை) வரையும்போதுதான் சிக்கல் எழுகிறது. முகப்புப் பக்கமும் கலைச்சொல் பட்டியலும் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களோடும் இணைந்திருப்பதால், படம் சிக்குண்ட நூற்கண்டைப் போல நடுவில் குவிந்துவிடுகிறது. அவ்விரண்டையும் நீக்கினால் தெளிவு கிடைக்கிறது. ஆனால் அவற்றின் வழியாக மட்டுமே எட்டக்கூடிய பக்கங்கள் இணைப்பே இல்லாதவையாகத் தோன்றுகின்றன. நான் தேடுவதே உண்மையில் இணைப்பற்ற பக்கங்களைத்தான் என்பதால், இந்தப் பிழையை ஏற்க இயலாது. கிராஃப்விஸ் (Graphviz) என்ற வரைபட மென்பொருளின் 'டாட்' அமைப்பு இணைப்புகளின் திசையை நன்றாகவே காட்டுகிறது, எனினும் அதன் வெளியீடு நிலையான படம்.

அப்சிடியன் (Obsidian) என்ற குறிப்பெடுப்புச் செயலியில் ஒரு குறிப்பை மையமாக வைத்து, அதைச் சூழ்ந்த இணைப்புகளின் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். நான் விரும்பும் மாதிரி அதுவே. சேவையகம் இல்லாத நிலைத்தளத்தில் இதைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அடைவுகளைக் கூட்டுக் கணுக்களாக்க (பிற கணுக்களை உள்ளடக்கிய கணுக்கள்), வலையமைப்பு வரைபட நூலகமான சைட்டோஸ்கேப்.ஜேஎஸ் (Cytoscape.js) ஏற்றதா? மையப் பக்கங்களை நீக்காமல், அவற்றின் விளிம்புகளை மட்டும் மங்கலாக்கி, விசைக் கணக்கிலிருந்து விலக்கும் வழி தெரிந்தவர்கள் மாதிரி நிரலுடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.